பிரியாணிப் பாட்டின் மூன்றாவது சரணம்

பெங்களூர் கன்டோன்மென்ட்டில் இந்த ஐம்பது வருஷத்தில் நடந்த கல்யாணங்களில் நான் சாப்பிடாத கல்யாணம் ஒன்றுகூடக் கிடையாது. சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். இரண்டு பிரசவம், ஒரு மஞ்சள் காமாலை, மாமியாரோடு நடந்த ஒரு நீண்ட சண்டை ஆகிய காரணங்களால் சிலது தவறிப்போயிருக்கிறது. எனக்கு அழைப்பே வராத கல்யாணங்களும் உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு நான் போகாமலும் இருந்திருக்கிறேன். ஆனால் ஒரே பள்ளிக்கூடத்தில் தலை நரைக்கும்வரை சரித்திரம் சொல்லிக்கொடுத்தவளுக்குப் பழைய பிள்ளைகள் மறக்காமல் பத்திரிகை வைப்பார்கள். மார்க் போட்ட கைக்கு அந்த மரியாதை உண்டு. ஆகவே, தட்டோடு வரிசையில் நின்றவள் என்ற முறையில், ஹெர்பர்ட்டைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர் இந்த ஊரில் இல்லை.

ஹெர்பர்ட் எங்கள் தெருக்காரர். பாட்டரி டவுனில், குயவர்கள் பிள்ளையார் பொம்மைகளை வெயிலில் காயவைக்கும் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி, ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி எல்லாம் நடுங்குகிற வீடு. உயரமும் இல்லை, குள்ளமும் இல்லை. கூட்டத்தில் தேடினால் நம் கண் அவரைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போகும். டெலிபோன் தயாரிக்கும் ஒரு ஃபாக்டரியில் சால்டரிங் வேலை. ஒயரோடு ஒயரை ஈயம் வைத்து ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஊரெல்லாம் பேசிக்கொள்வதற்கு முடிச்சுப் போட்ட மனுஷர், தான் மட்டும் பேசமாட்டார். "சாப்டீங்களா" என்றால் தலையை ஆட்டுவார். "மழை வரும்போல" என்றால் வானத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான்.

ஆனால் கிட்டாரைக் கையில் கொடுத்து மைக் முன்னால் நிறுத்தினால் அது வேறு ஹெர்பர்ட். அவர் பாடினால் பாட்டரி டவுன் நாய்கள் குரைப்பதை நிறுத்திவிடும் என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை நிறுத்தியதை என் கண்ணாலேயே பார்த்தேன். யாரோ பிஸ்கட்டும் போட்டிருந்தார்கள்.

ஷிஃப்ட் முடிந்து வந்த பிறகு, வீட்டில் ஜெபமாலைக்குக் கூப்பிடும்வரை, ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரைதான் அவர்களுக்குப் பயிற்சி நேரம். அதனால் பாண்டுக்கே 'ஃபைவ் டு செவன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தமிழில் பாப் பாட்டு, அதுவும் நம் தெருவில் பேசுகிற தமிழில். சில்லறை தராத கண்டக்டரைப் பற்றி ஒரு பாட்டு. பல் டாக்டரின் மகளைப் பார்ப்பதற்காக நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவனைப் பற்றி ஒரு பாட்டு. கரன்ட் போனதால் உப்பாத கிறிஸ்துமஸ் கேக்கைப் பற்றி ஒன்று. எல்லாம் ஹெர்பர்ட் எழுதியவை. எங்கள் பக்கத்துக் கல்யாண ரிசப்ஷன்களில் இவர்கள் வாசிக்கவில்லை என்றால் பெண் வீட்டாருக்கு ஏதோ கஷ்டம் என்று அர்த்தம்.

அந்தப் பாட்டுகளில் ஒன்றுதான் 'மழை நிக்கட்டும், இரு.' இந்தப் பெயரைச் சொன்னால் கன்டோன்மென்ட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'பிரியாணிப் பாட்டு' என்றால் கைக்குழந்தைக்கும் தெரியும்.

அந்தப் பெயர் வந்த கதை இது. முன்பெல்லாம் ரிசப்ஷனில் கேக் வெட்டி, டோஸ்ட் சொல்லி வாழ்த்தி, ஜோடி ஆடி முடித்ததும், மைக் பிடித்தவரே சாப்பிட வாருங்கள் என்று அறிவித்துவிடுவார். ரிச்சர்ட்ஸ் டவுன் குடும்பம் ஒன்றின் கல்யாணத்தில் அப்படி அறிவித்தபோது, மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து நின்றார். "சோத்துக்கு அலையறவங்களா நாங்க? மைக்குல கூப்பிடறீங்க?" என்று கேட்டுவிட்டு, வெளியே போய் காரில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்தி இறக்குவதற்குள் பிரியாணி ஆறிப்போயிற்று. அதற்குப் பிறகு எந்த வீட்டாருக்கும் மைக்கில் சாப்பாட்டைப் பற்றிப் பேசத் தைரியம் வரவில்லை. ஆனால் பசி யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது?

வழி கண்டுபிடித்தது பிரேசர் டவுன் கபூர் பாய். சமையல் அவர் பொறுப்பு. அண்டாவின் தம்மை உடைத்து, மூடியைத் திறந்துவிட்டு, தோளில் துண்டோடு ஹால் கதவருகே வந்து நிற்பார். மேடையில் இருக்கும் ஹெர்பர்ட்டைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைப்பார். ஹெர்பர்ட் உடனே 'மழை நிக்கட்டும், இரு' பாட்டை ஆரம்பிப்பார். அதைக் கேட்டதும் கோட்டுப் போட்டவர்கள், பட்டுப்புடவைக்காரர்கள் எல்லாரும் ஏதோ கால் மரத்துப்போனதால் எழுந்தவர்கள்போல எழுந்து, ஒரே பக்கமாக உலாவப் போவார்கள். மானமும் காப்பாற்றப்பட்டது, பிரியாணியும் சூடாகக் கிடைத்தது. இப்படியே ஒரு வழக்கம் ஆகி, பாட்டின் முதல் இழுப்பு காதில் விழுந்தால் வாயில் எச்சில் ஊறுகிற தலைமுறை ஒன்றே வளர்ந்துவிட்டது.

இதில் ஹெர்பர்ட்டுக்கு நேர்ந்த அநியாயத்தைப் பாருங்கள். 'இரு' என்று கெஞ்சுகிற பாட்டு அது. மழை நிற்கட்டும், இரு. செருப்பு நனைந்துபோகும், இரு. இது முதல் சரணம். டீ வந்துவிடும், இரு. ஆறிப்போனால் சுடவைத்துத் தருகிறேன், இரு. இது இரண்டாவது. இவர் 'இரு' என்று பாடப் பாட, ஜனங்கள் எழுந்து போவார்கள்.

முதலில் இந்தப் பாட்டுக்கு இரண்டே சரணம்தான். அவர்கள் போட்ட ஒரே காஸெட்டிலும் இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவது வந்தது சோஃபியாவால்.

சோஃபியா நர்ஸ். நீலசந்திராவிலிருந்து பஸ் பிடித்து எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வருவாள். ஊசி போட்டால் வலிக்காது, பேசினால் வலிக்கும் என்பார்கள் அவளைப் பற்றி. ஹெர்பர்ட்டுக்கும் அவளுக்கும் நிச்சயம் ஆகி, நாள் குறிக்க வேண்டிய சமயத்தில், அவளுக்கு மஸ்கட்டில் வேலைக்கு விசா வந்துவிட்டது. அந்த நாட்களில் கன்டோன்மென்ட்டில் வீட்டுக்கு ஒருத்தர் எங்காவது போய்க்கொண்டே இருந்தார்கள். போனவர்கள் கிறிஸ்துமஸுக்கு வந்தார்கள், அப்புறம் கார்டு மட்டும் வந்தது. 'போகாதே' என்று சொல்ல ஹெர்பர்ட்டுக்கு வாய் வரவில்லை. அவளுடைய முன்னேற்றத்தைத் தடுக்க நான் யார் என்ற எண்ணம் ஒரு பக்கம். அவருக்குப் பேச்சே வராது என்பது இன்னொரு பக்கம். ஆகவே பாட்டில் ஒரு சரணத்தைச் சேர்த்தார்.

மழை நின்னு நேரமாச்சு,
டீ கிளாஸும் காலி ஆச்சு,
சொல்ல ஒரு சாக்கும் இல்ல,
இரு. அவ்ளோதான். இரு.

அவள் வரப்போகிற ஒரு கல்யாணத்தில் இதைப் பாடிவிடுவது என்று தீர்மானம். அன்றைக்கு இரண்டாவது சரணம் முடிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, மூன்றாவதைத் தொடங்கிவிட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தார். எதிரே காலி நாற்காலிகள். சோஃபியாவின் நாற்காலியில் ஒரு கைக்குட்டை மட்டும் கிடந்தது. கபூர் பாய் தலையை அசைத்தது அசைத்ததுதான்; அவளும் எல்லாரோடும் எழுந்து போய்விட்டாள்.

இன்னொரு முறை பாடிக்காட்ட அவருக்குத் தைரியம் இல்லை. தேவையும் இல்லாமல் போயிற்று. இரண்டு வாரத்தில் சோஃபியாவே விசாவைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அவளுடைய அம்மாவுக்கு முழங்கால் வலியாம், விட்டுவிட்டுப் போக முடியாதாம். அந்த முழங்கால் பிற்பாடு வேளாங்கண்ணிக்கு நடைப்பயணமாகவே போய்வந்தது. அது வேறு விஷயம். மாதாவின் கிருபை என்று எடுத்துக்கொண்டோம். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையே தன் ரிசப்ஷனில் பிரியாணிப் பாட்டைப் பாடினார். வேறு யாருக்கும் அது சரியாக வராது.

அதற்குப் பிறகும் ஹெர்பர்ட் மூன்றாவது சரணத்தை விடவில்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும் ஹால் காலியான பிறகு அதைப் பாடித்தான் முடிப்பார். எதிரே ஊதி விட்ட பலூன்கள், உதிர்ந்த பூ, தூங்கிப்போன ஒரு தாத்தா. டிரம்ஸ் வாசித்தவர் கேட்டுக்கொண்டே இருப்பார்: "யாருக்கு மச்சா பாடற? சேருக்கா?"

"பாட்டு முடியணும்ல" என்பார் ஹெர்பர்ட்.

ஒருமுறை நான் அவரிடம் நேராகவே கேட்டேன், வீட்டில் சோஃபியாவை உட்காரவைத்துப் பாடிக்காட்டினால் என்ன என்று. அவர் வெகுநேரம் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இருக்கறவள இருன்னு எப்படி டீச்சர் சொல்றது?" என்றார். பிறகு, "அப்ப சொல்லியிருக்கணும். அவங்கம்மாவுக்காக இருந்துட்டா. எனக்காக இருன்னு நான் கேக்கவே இல்ல. ஒரு தடவையாவது அவ உக்காந்து கேட்டுட்டா போதும்" என்றார். இதை அவர் ரகசியமாகத்தான் சொன்னார். ரகசியங்களை எழுதிவைப்பதுதான் பத்திரம், பேசினால் வெளியே போய்விடும்.

காலம் போயிற்று. கல்யாணங்களுக்கு டி.ஜே.க்கள் வந்தார்கள். ஃபைவ் டு செவனில் ஒருவர் மெல்போர்னுக்கும் இருவர் கல்பள்ளிக் கல்லறைக்கும் போனார்கள். டிரம்ஸ்காரருக்கு ஞாபகம் போயிற்று. ஃபாக்டரியும் மூடியாயிற்று. ஹெர்பர்ட் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பின்வரிசையில் நின்று பாடுவதோடு சரி.

அப்போதுதான் அனன்யா வந்தாள். சேலத்துப் பெண். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, சனி ஞாயிறுகளில் நாடகம். வெள்ளிக்கிழமை லீவு போட்டாலும் நாடகம். யார் வீட்டிலோ பழைய காஸெட்டைக் கேட்டுவிட்டு, விசாரித்துக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஹெர்பர்ட் வீட்டுக்குள் வந்து நின்றாள். நான் அப்போது சோஃபியாவிடம் கறிவேப்பிலை கேட்கப் போயிருந்தேன்.

"அங்கிள், உங்க பாட்டையெல்லாம் வெச்சு ஒரு மியூசிக்கல் பண்றேன்" என்றாள்.

"புதுசா பாட்டு எழுத இப்ப வராதும்மா" என்றார் ஹெர்பர்ட்.

"புதுசே வேண்டாம் அங்கிள். பாட்டு எல்லாம் ரெடியா இருக்கு. நான் நடுவுல கதை மட்டும் எழுதணும். வெளிநாட்டுல எல்லாம் ஒரு பாண்டோட பாட்டை வெச்சே இப்படி நாடகம் போடறாங்க."

சோஃபியா சமையலறையிலிருந்தே கேட்டாள்: "கண்டக்டரும் பல் டாக்டரும் கேக்கும் எப்படிம்மா ஒரே கதையில வரும்?"

"அதான் ஆன்ட்டி, ராத்திரி தூக்கமே வரல" என்றாள் அனன்யா.

மாதக்கணக்கில் அவள் அந்தக் கதையோடு மல்லுக்கட்டியதை நான் பார்த்தேன். சரித்திரம் எழுதுகிறவர்கள் செய்வதும் இதைத்தான். நடந்தவை முன்னாலேயே கிடக்கின்றன. நடுவில் காரணங்களைப் போட்டு நிரப்ப வேண்டும். கடைசியில் பல் டாக்டரின் மகளே பஸ் கண்டக்டர் ஆனாள். கதாநாயகன் கேக் சுடுகிற பேக்கரிக்காரன். கரன்ட் போன கிறிஸ்துமஸில் இரண்டு பேருக்கும் காதல். முடிவில் அவள் வெளிநாடு போகிறாள், அவன் 'மழை நிக்கட்டும், இரு' பாடுகிறான், திரை விழுகிறது. ஹெர்பர்ட் சொந்தக் கதையில் ஒரு வார்த்தைகூட அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கவில்லை. பாட்டைப் பிடித்துக்கொண்டே அவள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

ஹெர்பர்ட் எல்லாப் பாட்டையும் சும்மாவே கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை, கடைசிப் பாட்டின் மூன்றாவது சரணத்தைப் பாட வேண்டும். அனன்யாவுக்கு அது பெரிய சிக்கல்.

"அங்கிள், என் கதையில அவ போயிடறா. உங்க சரணத்துல மழை நின்ன பிறகும் அவ உக்காந்துட்டிருக்கா. ரெண்டும் ஒட்டலையே. காஸெட்லயும் அது இல்ல, யாருக்கும் தெரியாது. விட்டுடலாமே?"

"அப்ப அந்தப் பாட்டு வேண்டாம்மா. மத்தது எடுத்துக்குங்க."

"கடைசிப் பாட்டு இல்லாம நாடகமே இல்ல அங்கிள்."

ஹெர்பர்ட் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அவர் இவ்வளவு பிடிவாதமாக இருந்து நான் பார்த்ததில்லை. அனன்யா ஒரு வாரம் வரவேயில்லை. பிறகு ஒரு யோசனையோடு வந்தாள்: இரண்டாவது சரணத்திலேயே கதாநாயகி போய்விடுவாள், மூன்றாவதை அவன் காலி நாற்காலியைப் பார்த்துப் பாடுவான்.

"அதான் வழக்கம்" என்றார் ஹெர்பர்ட். சிரித்தாரா என்று தெரியவில்லை. பிறகு இன்னொன்று சொன்னார். "ஆனா அந்தப் பாட்ட கடைசில வைக்காதீங்க பாப்பா. ஜனங்க எழுந்து போயிடும்."

"ஏன் அங்கிள் இப்படித் தன்னடக்கம்? ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டாங்க."

அவர் தன்னடக்கமாகச் சொல்லவில்லை என்று நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். பிரியாணி வழக்கத்தை விளக்கினால் அவள் நம்பமாட்டாள். நான் சொன்னால் யாரும் எதையும் நம்புவதில்லை.

போதாக்குறைக்கு, அந்தக் காலத்துக் கல்யாண வாசனை வேண்டும் என்று, நாடகம் முடிந்ததும் வெளிக்கூடத்தில் பிரியாணி பரிமாற அவளே ஏற்பாடு செய்துவிட்டாள். சமையல் யார்? கபூர் பாயின் மகன். ஹெர்பர்ட் அவனைத் தேடிப்போய், திரை விழுந்த பிறகுதான் தம் உடைக்க வேண்டும் என்று கெஞ்சினார். அவன், "அங்கிள், அந்தப் பாட்டு கேட்டா ஒடச்சிடணும்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு. நீங்க மத்தது எது வேணா கேளுங்க" என்று சொல்லிவிட்டான்.

நாடகத்தன்று அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசைகள் முழுக்கப் பழைய கன்டோன்மென்ட் குடும்பங்கள், பூச்சி உருண்டை வாசனையோடு கோட்டுகள். பின்னால் முழுக்க அனன்யாவின் அலுவலகத்துப் பிள்ளைகள். ஹெர்பர்ட் எங்களை உட்காரவைத்த விதத்தைப் பார்த்தால் ராணுவத்தில் இருந்தவர் என்று நினைப்பீர்கள். நடுவில் சோஃபியா, நடைபாதை ஓரம் அவர், மறுபக்கம் நான்.

என் காதில் மெதுவாகச் சொன்னார்: "அவ எழுந்தா வழி விடாதீங்க டீச்சர்."

நாடகம் நன்றாகவே இருந்தது. பல் பிடுங்கும் பாட்டுக்கு ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேக் உப்பாத பாட்டுக்கு எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஹெர்பர்ட் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கைதட்டல் அவர் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன். கடைசிப் பாட்டுக்கு இன்னும் எத்தனை இருக்கிறது என்பதுதான் அவர் கணக்கு.

கடைசிப் பாட்டு வந்தது. பேக்கரிக்காரனாக நடித்த சீனு கிட்டாரில் முதல் இழுப்பை இழுத்தான்.

முன்வரிசை எழுந்துவிட்டது. யாரும் யோசித்து எழவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பேசிவைத்ததுபோல எழுந்தார்கள். வெளியிலிருந்து தம் உடைந்த வாசனை வேறு வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நானும் எழுந்துவிட்டேன். வழியை அடைக்க வேண்டியவளே வழியைத் திறந்தால் என்ன ஆகும்? சோஃபியாவும் எழுந்தாள்.

"சோஃபி, உக்காரு" என்றார் ஹெர்பர்ட்.

"உங்களுக்குத் தட்டு எடுத்துட்டு வரேன், இருங்க. லேட்டானா குஸ்கா மட்டும்தான் மிஞ்சும்" என்றாள் அவள். வாசிக்கிறவர்களுக்குக் கடைசியில் கறியில்லாத வெறும் பிரியாணிச் சோறுதான் கிடைக்கும் என்பதால், அவருடைய தட்டை முதலிலேயே எடுத்து வைப்பது அவள் வழக்கம்.

மேடையின் பக்கவாட்டில் அனன்யா நின்றிருந்தாள். அவள் முகத்திலிருந்து இரத்தம் இறங்கிப்போனதை நான் அங்கிருந்தே பார்த்தேன். ஹெர்பர்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆனால் பின்வரிசைப் பிள்ளைகளுக்கு இந்த வழக்கம் தெரியாதே. முன்னால் பெரியவர்கள் எல்லாரும் எழுந்து நிற்பதைப் பார்த்ததும், மரியாதை செய்ய எழுந்திருக்கிறார்கள் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அவர்களும் எழுந்தார்கள். கைதட்டினார்கள். நடைபாதையில் இறங்கி, ஃபோனில் விளக்கைப் போட்டு, கையைத் தூக்கி ஆட்டினார்கள். வெளியே போகும் வழி முழுக்க அடைபட்டுப் போயிற்று. பிரியாணிக்குப் புறப்பட்டவர்கள் அப்படியே நின்றார்கள். முன்னாலும் போக முடியவில்லை, திரும்ப உட்காரவும் கூச்சம். எனவே வேறு வழியில்லாமல் மேடையைப் பார்த்தார்கள்.

இரண்டாவது சரணத்தில் கதாநாயகி பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சீனு காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தான். மழை நின்னு நேரமாச்சு என்று தொடங்கினான். தொடங்கியதுதான் அவன், அடுத்த வரியை ஹாலே பாடிற்று.

டீ கிளாஸும் காலி ஆச்சு. ரிச்சர்ட்ஸ் டவுன்காரர்கள் பாடினார்கள், பிரேசர் டவுன்காரர்கள் பாடினார்கள், காது கேளாத ஒரு முன்னாள் போஸ்ட் மாஸ்டர் ஒரு வரி பிந்திப் பாடினார். என் வாயும் பாடிக்கொண்டிருந்தது. சொல்ல ஒரு சாக்கும் இல்ல. சீனு பாடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹெர்பர்ட் இருக்கையிலிருந்து எழுந்து, மேடைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்து நின்றார். காலி நாற்காலிகளைப் பார்த்தே பாடிய மனிதர். அந்த வரி ஒரு முகத்திலிருந்து வருவதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறார். பிறகு அவர் கண் சோஃபியாவிடம் வந்து நின்றது.

அத்தனை பேரில் பாடாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மேடையில் இருந்த அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்துவிட்டேன். யாருமே கேட்டிராத ஒரு சரணம் அத்தனை பேருக்கும் எப்படி மனப்பாடம் ஆயிற்று? காஸெட்டிலும் இல்லை. காலி ஹாலில், பலூன்களுக்கு முன்னால் பாடப்பட்டது. என் முடிவு இதுதான்: அந்தப் பாட்டு காற்றோடு போய் கபூர் பாயின் அண்டாவில் விழுந்தது. சோற்றோடு சோறாக எங்கள் எல்லாருக்கும் உள்ளே இறங்கிவிட்டது. நாற்பது வருஷம் வயிற்றில் கிடந்தது, அன்றைக்கு வாய்க்கு வந்தது. சோஃபியாவுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்றால், அவள் தன் பங்கையும் ஹெர்பர்ட்டின் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு வெறும் குஸ்காவைச் சாப்பிட்டவள். பாவம், அந்த ஹாலில் மூன்றாவது சரணத்தை முதல்முதலாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

இத்தனையும் எழுதி முடித்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்கே போய் இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். ரகசியம் இருந்த பத்தி வந்தபோது ஹெர்பர்ட் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தி, பிறகு திறந்தார். சோஃபியா பூண்டு உரித்துக்கொண்டே கடைசிவரை கேட்டாள்.

"அண்டாவும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள். "சவுண்டு போடற சின்னப்பா எப்பவும் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸை டைனிங் ஹால் பக்கம் திருப்பி வெப்பான். பொண்ணு மாப்பிள்ள கெளம்பினா சாப்பிடறவங்களுக்குத் தெரியணும்ல. வரிசையில நின்ன எல்லாருக்கும் அந்தப் பாட்டு கடைசி வரைக்கும் கேக்கும். எனக்குப் பின்னாடி நின்னு லெக் பீஸ் பொறுக்கின உங்களுக்கும்தான்க்கா கேட்டுச்சு."

ஹெர்பர்ட் மெதுவாக உட்கார்ந்தார். "டைனிங் பக்கம் பாக்ஸா? சின்னப்பா எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேட்டீங்களா? ஒயரெல்லாம் சுத்தி வெச்சப்புறம்தான் சாப்பிட வருவீங்க." அவள் பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். "நீங்க அதை மொத மொத பாடின அன்னிக்கே கேட்டேன். கையில ரெண்டு தட்டோட நின்னுட்டிருந்தேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "தப்பா எழுதியிருக்கீங்க, மாத்திடுங்க. எங்கம்மாவுக்குக் காலு அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."